நாற்காலி கேட்ட மாணவர்கள்

ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

1920ஆம் ஆண்டு, நவம்பர்த் திங்கள். சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனிவா நகரிலே உலக நாடுகள் சங்கத்தின் முதற் பேரவை கூடுகிறது. நான்காண்டுக் காலம் ஐரோப்பாவை இடுகாடாக்கிய பெரும்போர் ஓய்ந்து இரண்டே ஆண்டுகள். ‘இனிப் போர் வேண்டாம், பூசல் எழுந்தால் பேசித் தீர்ப்போம்’ என்று கூறி, கொடிகள் பல தாங்கிய பேராளர்கள் ஒரு கூரையின்கீழ் அமர்கின்றனர். வந்தவர் பலர். ஆனால், அழைத்தவர் வரவில்லை! ஆம், அந்தச் சங்கம் வேண்டுமென்று உலகெலாம் உரைத்தவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன். அவருடைய நாட்டுச் செனட் சபையோ, 1919 நவம்பரில் ஒரு முறையும் 1920 மார்ச்சில் மறு முறையும், அந்த உடன்படிக்கையை ஏற்க மறுத்துவிட்டது. பந்தல் போட்டவர் வீட்டார் பந்திக்கு வராத கதை! அமெரிக்காவின் நாற்காலி காலியாகவே இருந்தது. அந்தச் சங்கம் மூச்சடங்கும் வரையில் காலியாகவே இருந்தது.

பெரியவர்கள் உட்கார மறுத்த நாற்காலியிலே, சில ஆண்டுகளுக்குள் பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த வரலாறு.

அமெரிக்கக் கல்லூரிகளில் 1920களிலே புதுமையானதொரு கூட்டம் நடக்கத் தொடங்கிற்று. ஹார்வர்டு போன்ற பழம்பெரும் பல்கலைக்கழகத்திலும், நியூயார்க் மாநிலத்துச் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1927இலும், மாணவர்கள் கூடி ‘மாதிரி உலக நாடுகள் சங்கம்’ நடத்தினர். ஒருவன் பிரான்சு, மற்றொருவன் ஜப்பான், வேறொருத்தி போலந்து! வட்டமாக அமர்ந்தனர், வாதாடினர், தீர்மானம் எழுதினர், வாக்கெடுத்தனர். நாட்டை ஆள்வோர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, நாளை ஆளப்போகிறவர் சாளரத்தைத் திறந்தனர்.

‘விளையாட்டு’ என்று நகைத்தோர் இருந்திருப்பர். விளையாட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால், தோழர்களே, மாணவர் பேசுகின்ற விளையாட்டைக் கண்டு ஆள்வோர் அஞ்சிய வரலாறும் உண்டு. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

* * *

இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜில் 1815ஆம் ஆண்டு மாணவர்கள் ஒரு சொற்போர் மன்றம் அமைத்தனர். நெப்போலியன் வாட்டர்லூவில் வீழ்ந்த ஆண்டு அது. வெளிநாட்டுப் போர் முடிந்தது. உள்நாட்டில் வறுமை வாட்டியது. சீர்திருத்தக் குரல் எழுந்தது. இரண்டே ஆண்டுகள் சென்றன. 1817இல் துணைவேந்தரின் ஆணை வந்தது, மன்றத்தைக் கலைத்துவிடுக என்று. ஆணையைக் கொண்டுவந்த அலுவலர்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்த இளைஞர் பதறவில்லை, எழுந்து ஓடவுமில்லை. வெளியார் வெளியே செல்லலாம், அவர்கள் கொண்டுவந்த செய்தியை மன்றம் ஆராயும் என்று அமைதியாகக் கூறினார். வில்லியம் ஹ்யூவெல் என்பது அவர் பெயர். பிற்காலத்தில் பேரறிஞராகப் போற்றப்பட்டவர்.

மன்றம் மூடப்பட்டது. 1821இல் மீண்டும் திறக்க அனுமதி கிடைத்தது, நிபந்தனையோடு! என்ன நிபந்தனை? சமகால அரசியலைத் தொடக் கூடாது. சீசரைக் கொன்றது சரியா என்று வாதாடலாம். இன்றைய வரி சரியா என்று கேட்கக் கூடாது! இறந்துபோன மன்னரை எத்தனை முறை வேண்டுமானாலும் இடித்துரைக்கலாம். இருக்கும் மன்னரைப் பற்றி இம்மென்னக் கூடாது! இந்த நிபந்தனையை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? இருக்கும். பள்ளியின் ஆண்டு விழாப் பேச்சுப் போட்டிக்குத் தலைப்புக் கொடுக்கும்போது இன்றும் நம்மில் பலர் இதே நிபந்தனையைத்தான் எழுதாமல் எழுதுகிறோம்.

ஆக்சுபோர்டில் 1823இல் அதுபோன்ற மன்றம் பிறந்தது. அங்கே 1933 பிப்ரவரி 9ஆம் நாள் நடந்த சொற்போர் உலகப் புகழ் பெற்றது. ‘மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் எந்நிலையிலும் போரிடோம்’ என்ற தீர்மானம் 275 வாக்குகள் பெற்று வென்றது, எதிர்த்தவை 153. இட்லர் செருமனியின் தலைமை அமைச்சராகிப் பத்து நாட்களே ஆகியிருந்தன. ஏடுகள் சீறின, முதியோர் முகம் சுளித்தனர். ஒரு மாணவர் மன்றத்தின் வாக்கெடுப்பு ஒரு பேரரசின் தூக்கத்தைக் கெடுத்தது!

ஆனால், பெருமையை மட்டும் சொல்லிச் செல்வது வரலாறன்று. குறையையும் கூற வேண்டும். உரிமை, உரிமை என்று உரக்கப் பேசிய அந்த இரு மன்றங்களும் பெண்களை உறுப்பினராக ஏற்றது எப்போது தெரியுமா? 1963இல்! ஒன்று தோன்றி 148 ஆண்டுகளும், மற்றொன்று தோன்றி 140 ஆண்டுகளும் கழிந்த பின்னர்! நாவன்மை மிக்கவர் நடுவிலும் நியாயம் நொண்டிக்கொண்டுதான் வந்தது. இதை மறவாதீர், பின்னால் தேவைப்படும்.

* * *

பழைய சொற்போர் மன்றத்துக்கும், அமெரிக்க மாணவர் தொடங்கிய புதிய மன்றத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பழையதிலே, ‘நான் இதை ஆதரிக்கிறேன், நான் இதை எதிர்க்கிறேன்’ என்பர். புதியதிலே ‘நான்’ என்ற சொல்லுக்கே இடமில்லை!

நடைமுறையைக் கேளுங்கள். குலுக்கலிலோ, ஒதுக்கீட்டிலோ, ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு கிடைக்கும். பெரும்பாலும் அது அவருடைய நாடாக இராது. அவருக்குப் பிடித்த நாடாகவும் இராது. அந்த நாட்டின் வரலாறு, வருவாய், வயல், வணிகம், பகை, நட்பு அனைத்தையும் படித்து, எடுத்துக்கொண்ட பிரச்சினையில் அந்நாட்டின் நிலை இதுவென்று எழுதி வர வேண்டும். அவை கூடியதும் பேசுவோர் பட்டியல் வரும். ஒருவருக்கு ஓரிரு நிமிடமே. தலைவரின் சுத்தியல் ஒலித்தால், முடியாத சொல்லும் முடிந்த சொல்தான். பிறகு இடைவேளை. உண்மையான வேலை அந்த இடைவேளையிலேதான். மூலைக்கு நால்வர் முணுமுணுப்பர். ‘இந்தச் சொல்லை நீக்கினால் நாங்கள் ஆதரிப்போம்’ என்பார் ஒருவர். ‘நீக்கினால் எங்கள் மூவர் விலகுவர்’ என்பார் மற்றொருவர். தீர்மானம் உருவாகும்: காரணங்களைக் கூறும் முகப்புரைப் பகுதி முதலில், செய்ய வேண்டியவற்றை எண்ணிட்டுக் கூறும் செயற்பகுதி அடுத்து. திருத்தங்கள் வரும். இறுதியில் வாக்கெடுப்பு.

இதற்குத் தூதுவினை என்று பெயர். தமிழருக்குப் புதிதா இது? அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவை; ஒரு பெண்! வள்ளுவர் தூதுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். சொல்வன்மைக்கு ஒன்று, அவையறிதலுக்கு ஒன்று, அவையஞ்சாமைக்கு ஒன்று என்று அடுக்கினார். ஏட்டிலே இருக்கிறது. நாட்டிலே? வகுப்பறையிலே? பொருளுரை எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அவை நடுவே எழுந்து நிற்க அஞ்சுகிறோம்.

* * *

1945 ஏப்ரல் 25. அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் சான் பிரான்சிஸ்கோ நகரம். இரண்டாம் உலகப் போரின் புகை இன்னும் அடங்கவில்லை. ஐம்பது நாடுகளின் பேராளர்கள் கூடுகின்றனர். பழைய சங்கம் செத்தது. புதிய மன்றம் பிறக்கிறது. ஜூன் 26இல் ஐக்கிய நாடுகள் சாசனம் கையெழுத்தாகிறது. அக்டோபர் 24இல் நடைமுறைக்கு வருகிறது.

அந்தச் சாசனத்திலே இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்களுள் தலைமை வகித்தவர் யார்? நீதிக் கட்சியின் தலைவர்களுள் ஒருவராக விளங்கியவர், ‘ஜஸ்டிஸ்’ ஏட்டின் ஆசிரியராகப் பணியாற்றியவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற ஆர்க்காடு இராமசாமி முதலியார்! 1946 ஜனவரியில் ஐ.நா.வின் பொருளாதார சமூக அவை அமைந்தபோது, அதன் முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே. அவருடைய இரட்டைப் பிறவியான இலட்சுமணசாமி முதலியார் பின்னர் 1961இல் உலக நலப் பேரவையின் தலைவரானார். சென்னையின் வகுப்பறைகளிலிருந்து உலக அவைக்கு வழி இருந்தது என்பதற்கு இவ்விருவரும் சான்று.

மகிழலாம். ஆனால் மயங்கலாகாது. 1945இல் இந்தியா விடுதலை பெறவில்லை. முதலியாரை அனுப்பியது பிரிட்டிஷ் ஆட்சி. அதே நாட்களில், அதே நகரில், மண்டபத்துக்கு வெளியே நின்று, ‘எங்கள் நாட்டுக்கு விடுதலை எப்போது?’ என்று கேட்டுக்கொண்டிருந்தார் விசயலட்சுமி பண்டிட். அவருக்கு உள்ளே நாற்காலி இல்லை. காலம் சுழன்றது. 1946இல் அதே அம்மையார் ஐ.நா. பொதுச் சபைக்கு இந்தியக் குழுவின் தலைவராக உள்ளே வந்தார். 1953இல் அந்தப் பொதுச் சபைக்கே தலைவரானார். அப்பதவி பெற்ற முதற் பெண். வாயிலில் நின்றவர் எட்டாண்டுகளில் மேடையில்! நாற்காலியை எவரும் தட்டில் வைத்துக் கொடுப்பதில்லை. கேட்டுப் பெற வேண்டியது அது.

சான் பிரான்சிஸ்கோவில் சாசனத்தில் கையெழுத்திட்ட பெண்கள் எத்தனை பேர்? நால்வர்! பிரேசிலின் பெர்தா லூட்ஸ், டொமினிக்கன் குடியரசின் மினெர்வா பெர்னார்டினோ, சீனாவின் வூ யீ-பாங், அமெரிக்காவின் வர்ஜீனியா கில்டர்சிலீவ். உலக மாந்தரில் பாதிப் பேருக்கு நான்கு கையெழுத்துகள்!

மாணவர் மன்றங்களும் பெயர் மாற்றிக்கொண்டன. மாதிரி உலக நாடுகள் சங்கம் போய், மாதிரி ஐ.நா. மன்றம் வந்தது. 1949இல் செயின்ட் லாரன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒன்று. 1952இல், சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையிலுள்ள பெர்க்கிலியில் மற்றொன்று. இந்தப் பெர்க்கிலி மன்றம் வரலாற்றில் இடம்பெறக் காரணம், அதில் அமர்ந்தவர்கள் பள்ளி மாணவர்கள்! கல்லூரி மாணவர் நடத்த, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பேராளராயினர். 1968இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில், உலக நீதிமன்றம் அமைந்துள்ள அந்த நகரில், பள்ளிப் பிள்ளைகளின் அனைத்துலக மன்றம் தோன்றியது. அங்கே தலைமை நாற்காலியிலும் மாணவர்களே. ஆசிரியருக்கு என்ன வேலை? வாயை மூடிக்கொண்டு பின்வரிசையில் உட்காருவது! ஆசிரியனாகிய நான் சொல்கிறேன், அதைவிடக் கடினமான வேலை எங்களுக்கு இல்லை.

மன்றம் வளர்ந்தது; ஏனெனில் உலகம் விரிந்தது. 1945இல் ஐ.நா.வின் தொடக்க உறுப்பு நாடுகள் 51. அவற்றுள் ஆப்பிரிக்க நாடுகள் நான்கே. 1960ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 17 நாடுகள் புதிதாகச் சேர்ந்தன; அவற்றுள் 16 ஆப்பிரிக்க நாடுகள். இன்று 193. வரைபடத்தில் வெள்ளையர் வண்ணம் பூசிக் கிடந்த நிலங்கள் தம் பெயரோடு எழுந்து நின்றன. மாணவர் மன்றத்தில் கானா என்றும் கென்யா என்றும் பெயர்ப்பலகைகள் கூடின. அடிமைத்தனம் ஒழிய ஒழிய, நாற்காலி கூடுகிறது!

* * *

இனி, என் பள்ளிக்கு வருகிறேன்.

அரசுப் பள்ளியொன்றில் வரலாறு கற்பிப்பவன் நான். மூன்றாண்டுகளுக்கு முன், நகரத்துப் பெரிய பள்ளியொன்றில் மாதிரி ஐ.நா. மன்றம் நடப்பதறிந்து, பதினொன்றாம் வகுப்பு மாணவர் இருவரை அழைத்துச் சென்றேன். நுழைவுக் கட்டணத்தை என் சம்பளத்திலிருந்து செலுத்தினேன். கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிய வேண்டுமென்றனர், இரவல் வாங்கினோம். அந்த மாணவிக்கு மொரீசியசு நாடு கிடைத்தது. கரும்புத் தோட்டம், கடல் மட்டம், அங்கே குடியேறிய தமிழர் என்று அனைத்தையும் படித்து வந்திருந்தாள். தமிழில் படித்து வந்திருந்தாள். ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்பது அங்குள்ள விதி. எழுந்தாள். ஒரு வாக்கியம் சொன்னாள். இரண்டாவது வரவில்லை. சிலர் சிரித்தனர். உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது பேருந்தில் வெகுநேரம் பேசவில்லை. ஊர் நெருங்கும்போது கேட்டாள்: “ஐயா, மொரீசியசுக்காரங்க எல்லாரும் இங்கிலீசில்தான் யோசிப்பாங்களா?”

அன்றிரவு ஐ.நா. பொதுச் சபையின் நடைமுறை விதிகளை எடுத்துப் படித்தேன். அதன் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, உருசியம், சுபானியம். ஆனால், வேறு மொழியிலும் ஒரு பேராளர் பேசலாம். ஆறில் ஒன்றில் மொழிபெயர்க்க அவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவே. 1977இல் வெளியுறவு அமைச்சராக இருந்த வாஜ்பாய் அங்கே இந்தியில் பேசியதும் அந்த வழியில்தான். நியூயார்க்கில் உள்ள உண்மையான மன்றத்தில் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் உள்ள மாதிரி மன்றத்தில் தமிழில் பேசக் கூடாது! அசலுக்கு இல்லாத ஆணவம் நகலுக்கு!

மறு சனிக்கிழமை எங்கள் பள்ளியில் மன்றம் தொடங்கினோம். பதினோரு பேர். பழைய நாட்காட்டி அட்டைகளின் பின்புறத்தில் நாடுகளின் பெயர்கள். ஆசிரியர் அறையிலிருந்து இரவல் நாற்காலிகள். மொழி, தமிழ். மேசைச் சுத்தியலுக்குக் கரும்பலகைத் துடைப்பான்.

முதல் பொருளாக எடுத்துக்கொண்டது, 1946இல் பொதுச் சபை கண்ட வழக்கு. அதன் பின்னணி நம் குருதியோடு தொடர்புடையது. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து ‘துரூரோ’ என்ற கப்பல், 342 ஒப்பந்தக் கூலிகளுடன் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புக் காட்டில் வெந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மண்ணில் உரிமை மறுக்கப்பட்டது. தில்லையாடி வள்ளியம்மை சிறையேகி, நோயுற்று, 1914இல் பதினாறு வயதில் மாண்டது அந்தக் கொடுமையை எதிர்த்துத்தான். 1946இல் இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் முடக்கும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா இயற்றியது. இந்தியா ஐ.நா.வில் முறையிட்டது. எதிரே நின்றவர் யார்? தளபதி சுமட்சு, சான் பிரான்சிஸ்கோவில் சாசனத்தின் முகப்புரைக்கு வரைவு எழுதித் தந்தவர்! ‘அடிப்படை மனித உரிமை’ என்று முகப்புரையில் எழுதிய நாட்டுத் தலைவரே, தம் நாட்டில் அதை மறுத்த குற்றச்சாட்டுக்கு விடை கூற வேண்டியவரானார். ‘இது எங்கள் உள்நாட்டு விவகாரம், வெளியார் தலையிட உரிமையில்லை’ என்பது அவர் வாதம். டிசம்பர் 8ஆம் நாள் வாக்கெடுப்பு. இந்தியாவின் பக்கம் 32, எதிர்ப்பு 15, நடுநிலை 7. மூன்றில் இரு பங்கு கிடைத்தது. தீர்மானம் வென்றது.

எங்கள் குலுக்கலில், மொரீசியசுப் பேராளராக வாயடைத்து நின்ற அதே மாணவிக்குத் தென்னாப்பிரிக்கா வந்தது. “மாட்டேன் ஐயா, வள்ளியம்மையைக் கொன்றவர்களுக்காக நான் பேசுவதா?” என்றாள். “அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் அவர்களை எப்படி எதிர்ப்பாய்?” என்றேன்.

ஒரு வாரம் படித்தாள். வந்தாள். பேசினாள். சாசனத்தின் இரண்டாம் விதி, ஏழாம் உட்பிரிவு, ஒரு நாட்டின் உள்நாட்டு அதிகாரத்துக்கு உட்பட்டவற்றில் மன்றம் தலையிடலாகாது என்று அடித்துப் பேசினாள். இந்தியாவாக அமர்ந்த மாணவன் திணறினான், வியர்த்தான். நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று நம்பிப் படிக்காமல் வந்தவன் அவன்! நியாயம் இருந்தால் மட்டும் போதாது. அதை நிறுவத் தெரிய வேண்டும் என்பதை நான் சொல்லியிருந்தால் அவன் மறந்திருப்பான். அன்று பட்டது மறக்காது.

அவை முடிந்தபின் அவள் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது: “ஐயா, ‘உள்நாட்டு விவகாரம்’ என்று சொல்வதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் எங்களுக்குத் தனிக் குவளை ஏன் என்று கேட்டபோது, ‘இது ஊர் வழக்கம், வெளியாருக்கு என்ன?’ என்றார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானே?”

ஒன்றுதான்! தளபதி சுமட்சும் எங்கள் ஊர்ப் பெரிய மனிதரும் ஒரே வாதத்தைத்தான் பேசினர். எதிரியின் நாற்காலியில் ஒரு வாரம் அமர்ந்தவளுக்கு, எதிரியின் வாதம் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிட்டது. ஆண்டு முழுதும் நான் நடத்திய பாடத்தால் விளையாதது, ஒரு நாட்காட்டி அட்டையால் விளைந்தது.

* * *

தீர்மானம் போட்டால் தீமை தொலைந்துவிடுமா என்று கேட்பீர். கேட்க வேண்டிய கேள்வி. 1946இல் தீர்மானம் வென்றது. நிறவெறி ஆட்சி வீழ்ந்தது 1994இல். இடையே 48 ஆண்டுகள், எத்தனையோ உயிர்கள். பேச்சு மந்திரமன்று. பாதுகாப்புச் சபையில் ஐந்து வல்லரசுகளில் ஒன்று கை உயர்த்தி மறுத்தால், மற்ற நாடுகளின் விருப்பம் மண்ணாகும் என்பதையும் எங்கள் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். ‘இது நியாயமா ஐயா?’ என்றான் ஒருவன். இல்லை என்றேன். அதைச் சொல்லித்தரவும்தான் மன்றம்.

ஆனால், சொல்லுக்கு வலிமை இல்லை என்போர்க்கு ஒரு செய்தி. மனித உரிமைப் பிரகடனம் உருவான காலம். ‘ஆடவர் அனைவரும்’ என்று பொருள்படும் சொற்றொடர் வரைவிலே இருந்தது. ‘ஆடவர் என்றால் பெண்ணும் அடக்கம்தானே’ என்றனர் சிலர். ‘எங்கள் நாடுகளில் அப்படிப் பொருள் கொள்ளமாட்டார்கள்’ என்று எழுந்தார் இந்தியாவின் அன்சா மேத்தா. சொல் மாறிற்று: ‘மனிதப் பிறவியர் அனைவரும்’! 1948 டிசம்பர் 10இல் அந்த வடிவிலே பிரகடனம் நிறைவேறிற்று. ஒரு சொல், உலகின் பாதிப் பேர்!

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஆக்சுபோர்டு மாணவர் மன்றத்தில் 1920களில் பொறுப்புகள் வகித்து, நாவன்மையால் புகழ்பெற்றவர் இலங்கையின் பண்டாரநாயகா. 1956இல் ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே! உலகின் சிறந்த சொற்போர்க் கூடம் அவருக்குப் பேசக் கற்றுத் தந்தது. தமிழனின் நாற்காலியில் ஒரு நாள் அமர்ந்து பார்க்கக் கற்றுத் தரவில்லை. ஆதலால்தான் சொல்கிறேன்: நாவன்மை ஒரு கத்தி, காய் நறுக்கவும் ஆகும், கழுத்தை அறுக்கவும் ஆகும். பிறர் நிலையில் நின்று பார்க்கும் பழக்கம் அதற்கு உறை. உறையில்லாத கத்தியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்.

* * *

இன்று எங்கள் மன்றத்தில் முப்பத்துநால்வர். பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் மாணவர்களே சென்று விதிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். நாங்கள் வெளிநாடு செல்லவில்லை, விருது வாங்கவில்லை. ஆனால், பெண்ணும் ஆணும், இந்தத் தெருவும் அந்தத் தெருவும், வரிசை மாற்றாமல், குலுக்கலில் வந்தபடி அமர்கிறார்கள்.

அந்த வரிசைதான் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. மாணவன் ஒருவனின் தந்தை வந்தார். “என் மகன் அந்தப் பெண்ணுக்குத் துணைப் பேராளனா? வேறு நாடு கொடுங்கள்” என்றார். குலுக்கலில் வந்ததை மாற்றுவதில்லை என்று பிள்ளைகளே விதி எழுதியிருக்கிறார்கள் என்றேன். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

பிள்ளைகளிடம் கேட்டேன், அவன் நாற்காலியை எடுத்துவிடலாமா என்று. வாக்கெடுப்பு நடத்தினார்கள். எடுக்க வேண்டாமென்று ஒருமனதாக முடிவு! அவனுக்கான அட்டையோடு அந்த நாற்காலி ஒவ்வொரு சனிக்கிழமையும் அவையில் இருக்கிறது. அவன் நாட்டின் பெயர் அழைக்கப்படுகிறது. ‘வரவில்லை’ என்று குறிக்கப்படுகிறது.

ஜெனிவாவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உலகம் அதற்குப் பெருவிலை கொடுத்தது. எங்கள் வகுப்பறையிலும் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியில், படிப்பகத்தில், மன்றத்தில் எத்தனை நாற்காலிகள் காலி என்று எண்ணிப் பாருங்கள். யார் வரவில்லை, யாரை வரவிடவில்லை என்று கேளுங்கள். நான்கு பழைய அட்டைகளும் ஒரு சனிக்கிழமை மாலையும் போதும், தொடங்குவதற்கு.

அந்த மாணவன் வருவான். வரும்போது, அவன் இடம் அவனுக்காக இருக்கும், அவளுக்கு அருகில்.